கண்ணாடிக்கடைக்காரனின் இரண்டு துப்பாக்கிகள்

முந்நூற்றெட்டு ரைபிளை எடுத்துத் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடி, துப்பாக்கிக்கடைச் சுவரில் மாட்டியிருக்கும் பன்றித்தலையின் இடது காதைக் குறி பார்க்கிறான் ஒத்தோரினோ. கீழே வைக்கிறான். ஒன்பது-மூன்றை எடுக்கிறான். வலது காது. அதையும் வைத்துவிட்டு நாக்கால் ஒரு 'ச்சு'. மறுபடி முந்நூற்றெட்டு. சனிக்கிழமை காலையில் இது நடக்கவில்லையென்றால் எங்கள் ஊர் மொந்தெராவோவில் ஏதோ துக்கம் என்று அர்த்தம். கடைக்காரன் அமெதேயோ இவனுக்கென்றே மேசைமேல் ஒரு கம்பளித்துண்டு விரித்திருக்கிறான். மூன்று குளிர்காலமாக இரண்டும் அதன்மேல்தான் கிடக்கின்றன. வேறு யாரும் இப்போது அவற்றுக்கு விலை கேட்பதில்லை.

இரண்டும் அரைத் தானியங்கிதான். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு போகும்; வெற்றுத்தோட்டாவை வெளியே துப்பிவிட்டு அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். வித்தியாசம் குழல்வாயின் அகலத்தில்; பெயரில் இருக்கும் எண் அதன் அளவுதான், ஒன்பது-மூன்றுக்குத்தான் வாய் பெரியது. "முந்நூத்தெட்டு வேகமா போவும், நேரா போவும், தோளை இடிக்காது," என்பான். சரி, அதையே வாங்கித் தொலை என்று நாம் வாயைத் திறப்பதற்குள், "ஆனா அடிபட்ட பன்னி ஓடிப்போயிடும். ஒம்பது-மூணு பட்டா அங்கயே படுத்துரும். ஆனா நம்ம தோளும் கூடவே படுத்துரும்," என்பான். எந்தப் பக்கம் போனாலும் ஓர் 'ஆனா' வைத்திருப்பான். அதற்குமேல் பேச்சு நகராது.

பிழைப்பு என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். மூக்குக்கண்ணாடிக் கடை. நாளெல்லாம் ஊராரின் கண்முன் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல நல்லா தெரியுதா, அதுலயா?" என்று கேட்பதுதான் வேலை. இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதே என்று நான் ஒருதரம் தயங்கியதற்கு எரிந்து விழுந்தான். "சட்டுனு சொல்லுடா. யோசிச்சா கண்ணே குழம்பிடும்." சொன்னேன். அந்தக் கண்ணாடியைத்தான் இன்றும் போட்டிருக்கிறேன், குறையில்லை.

எங்கள் வேட்டைக்குழுவில் பாதிப் பேர் துப்பாக்கி வாங்கியது இவன் சொல்லித்தான். ஆளின் உயரத்தையும் தோள் அகலத்தையும் ஒரு பார்வை பார்ப்பான், மேல்சட்டைக்கு அளவெடுப்பவன் மாதிரி. உடனே, "உனக்கு முந்நூத்தெட்டு. பேசாம வாங்கு," என்பான். வாங்கியவர்கள் யாரும் வருத்தப்பட்டதில்லை. அவன் மச்சான் வால்தேரோவுக்கு ஒன்பது-மூன்று சொன்னதும் இவன்தான். அந்தத் தடியன் வாங்கிய வாரமே ஒரு பன்றியைச் சாய்த்துவிட்டு, ஈரலை வெங்காயத்தோடு வதக்கித் தின்றபடி இவனைப் பார்த்துக் கண்ணடித்தான்.

ஒத்தோரினோ மட்டும் அப்பா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியோடு கல்லறைத் தோட்டத்து மதிலோரம் நிற்பான். யார் எங்கே நிற்பது என்று சொல்வது எங்கள் தலைவி ஃபோஸ்கா. வாரநாளில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். எங்களையும் அந்தக் குரலில்தான் மேய்ப்பாள். கல்லறைப் பக்கம் பன்றி வராது என்பது அவளுக்கும் தெரியும், பன்றிக்கும் தெரியும். நல்ல இடம் என்றால் சேணம். இரண்டு குன்றுக்கு நடுவே பள்ளமாக வளைந்து கிடக்கும் அந்த வழியாகத்தான் நான் நாய்களை விட்டுக் கிளப்பும் பன்றியெல்லாம் தப்பிக்கப் பார்க்கும். அங்கே நின்ற எஜிஸ்தோ இடுப்பெலும்பு ஒடிந்து மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

இடம் ஒத்தோரினோவுக்கு என்று ஃபோஸ்கா சொன்னாள். ஆனால் அப்பா காலத்துக் குழல் அங்கே பாதி தூரம்கூட எட்டாது. சொந்தமாக ஒரு ரைபிள் வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு தெரிய வேண்டும், இல்லாவிட்டால் வால்தேரோவுக்குப் போய்விடும் என்றும் சொல்லிவிட்டாள். அன்று மாலை மதுக்கடையில் ஒத்தோரினோ என் கையைப் பிடித்துக்கொண்டான். "செத்தவங்களுக்குக் காவல் இருந்தது போதும்டா. ஒரு தடவையாச்சும் பன்னி வர்ற எடத்துல நிக்கணும்." கண் கலங்கியிருந்தது. எனக்கும் மனசு கேட்கவில்லை. அப்புறம், "முந்நூத்தெட்டுன்னு வச்சுக்க..." என்று ஆரம்பித்தான். எழுந்து வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை ஐயா வந்து இறங்கிய கோலத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு தோளில் முந்நூற்றெட்டு, மறு தோளில் ஒன்பது-மூன்று. ஒருநாள் இரவலாக இரண்டையும் கொடுத்து அனுப்பியிருந்தான் அமெதேயோ. இப்படி ஒரு கூத்தை எங்கள் குழு கண்டதில்லை.

"ரெண்டு எதுக்குப்பா?" என்றாள் ஃபோஸ்கா.

"தூரத்துல வந்தா முந்நூத்தெட்டு. கிட்ட வந்தா ஒம்பது-மூணு, அக்கா."

"நடுவுல வந்தா?"

அதை அவன் யோசித்திருக்கவில்லை. இருட்டுவதற்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிட வேண்டும், இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டு, அவனைச் சேணத்துக்கு அனுப்பினாள்.

பன்றி நடுவில்தான் வந்தது. கிழட்டு ஆண், கன்றுக்குட்டி கனம். நான் நாய்களுக்குப் பின்னால் புதரில் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தேன். மேலே பாறையோரம் ஒத்தோரினோ தெரிந்தான். இரண்டு துப்பாக்கியும் இருபுறமும் மரத்தில் சாய்ந்திருந்தன. கை இடதுபக்கம் போனது. திரும்பி வந்தது. வலதுபக்கம் போனது. அந்த 'ச்சு' எனக்குக் கேட்டது என்று சத்தியம் செய்வேன். பத்திரிகையில் எழுத முடியாத ஒரு வார்த்தையால் அவன் வம்சத்தைக் கூப்பிட்டேன். அதற்குள் பன்றி திரும்பி, முன்னால் ஓடிய என் பெட்டைநாய் பிர்பாவைத் கோரைப்பல்லால் தூக்கி எறிந்தது. எறிந்துவிட்டு நேராக அவனை நோக்கி வந்தது.

ஒரே வெடி. நான் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது பன்றி மல்லாந்து கிடந்தது. அவன் அதன் பக்கம்கூடப் போகவில்லை. பிர்பாவை மடியில் போட்டுக்கொண்டு, கிழிந்த காதைத் தன் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டிருந்தான். அவளுக்கு வேறு காயமில்லை. நான் திட்டிய திட்டுக்கு வெட்கமாக இருந்தது. அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன்.

எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். முதுகில் தட்டினார்கள். வால்தேரோவே தொப்பியைக் கழற்றினான். அதற்குள் இரண்டு துப்பாக்கியும் உறைக்குள் போய், வார் பூட்டித் தயாராக நின்றன. எதில் சுட்டாய் என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். பயத்தில் பார்க்கவில்லை என்றான். பதினைந்து பேரும் நம்பினார்கள்.

ஃபோஸ்கா உள்ளங்கையை நீட்டினாள். ஒருவன் முதல் பன்றியை வீழ்த்திய வெற்றுத்தோட்டாவைக் குழுவின் கொட்டகை உத்தரத்தில் ஆணியடித்து மாட்டுவது எங்கள் வழக்கம். "அந்தத் தோட்டாவ எடு. அளவைப் பார்த்தா தெரிஞ்சிடும். எதுல விழுந்துச்சோ அதான் உன் துப்பாக்கி, இன்னியோட வழக்கு முடிஞ்சுது. சேணமும் உனக்கு."

எல்லோரும் குனிந்து சருகைக் கிளற ஆரம்பித்தார்கள். ஒத்தோரினோவும் குனிந்தான். பித்தளை மினுக்கம் அவன் காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது; எனக்குத் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது. நல்ல கண்ணாடிகள் இரண்டுபேருக்கும்.

"காட்டுல விழுந்தது எங்க கிடைக்கப்போவுது, அக்கா," என்று சொல்லிக்கொண்டே, வலது பூட்ஸை மெதுவாக நகர்த்தி அதன்மேல் வைத்து அழுத்தினான்.