ஏழாம் நாள் காய்ச்சல்

நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டே, டிவியில் செய்தி வாசிப்பவருக்கு மறுப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறார் எடைமேடைக்காரர். வேறு யாரிடம் சொல்ல? ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி நர்ஸின் ஃபோன் வரும். ஐந்தரைக்கே முகம் கழுவி, தலை சீவி, வெளுத்துத் தேய்த்த சட்டை மாட்டி உட்கார்ந்துவிடுவார். ஃபோனில் சட்டை எங்கே தெரியப்போகிறது என்று கேட்டால், "குரல்ல தெரிஞ்சிரும்" என்பார்.

முப்பத்தோரு வருஷம் லாரிகளை எடை போட்டவர். ஒரு மூட்டை குறைத்து எழுதச் சொல்லி டிரைவர்கள் கெஞ்சியதும் உண்டு, மிரட்டியதும் உண்டு. "முள்ளு சொல்றதத்தான் என் பேனா சொல்லும்" என்று சீட்டை நீட்டிவிடுவார். ஓய்வு பெற்ற வருஷமே மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் வாரம் ஒருமுறை வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் பொம்மை அனுப்புகிறான்.

ஃப்ளூ காய்ச்சலுக்கு மூக்கில் பீய்ச்சும் தடுப்பு மருந்தைச் சோதிக்க ஆட்கள் தேவை என்று ஆஸ்பத்திரிச் சுவரில் பார்த்துப் பெயர் கொடுத்தார். "ஊசியே இல்லாத தடுப்பூசி! தும்மக்கூட விடல." எதிர்ப்புச் சக்தியைப் பார்க்க ரத்தம் எடுத்தார்கள், பஞ்சுக்குச்சியால் மூக்கைத் துழாவினார்கள். "மூளைக்கு ஒட்டடை அடிச்ச மாதிரி இருந்துச்சு." அவருக்குப் பீய்ச்சியது மருந்தா, வெறும் உப்புத்தண்ணீரா என்பது அந்த நர்ஸுக்கே தெரியாது.

ஏழு நாள், தினம் ஓர் அழைப்பு. சளி இருக்கா, தலைவலி இருக்கா, நல்லா தூங்கினீங்களா? தூக்கத்தைப் பற்றி மட்டும் கால்மணி நேரம் பதில் சொல்வார்.

இன்று ஏழாம் நாள். தெர்மாமீட்டர் 98.4 காட்டியது. தினமும் காய்ச்சலைக் குறிக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையில் 101 என்று எழுதினார். ஃபோன் வந்ததும் அதையே படித்தார்.

"நூத்தியொண்ணா? மூச்சு வாங்குதா சார்? கூட யாரு இருக்கா?"

"யாருமில்லம்மா."

"பயப்படாதீங்க. இன்னும் ஒரு வாரம் தினமும் கூப்பிடறேன்."

அவருக்கு முகமெல்லாம் பல்லாயிற்று. அவள் விடாமல் பேசினாள். "டாக்டருக்கு உடனே சொல்லணும். ஏற்கெனவே ரெண்டு பேருக்கு இப்படி. மூணாவதுன்னா மருந்தையே நிறுத்தி வெச்சிடுவாங்க. அடுத்த மாசம் குழந்தைங்களுக்குக் குடுக்கறதா இருந்துச்சு."

எடைமேடைக்காரருக்கு வேர்த்துவிட்டது.

"ஃபோனை வெச்சிடாதம்மா. தொண்ணூத்தெட்டு புள்ளி நாலுதான். நாந்தான் கூட்டி எழுதிட்டேன்."

"ஏன் சார்?"

"இன்னிக்கு ஏழாவது நாளாச்சே."

அவள் குரலைத் தணித்துச் சொன்னாள். "அழிக்காதீங்க. குறுக்கே ஒரே ஒரு கோடு, பழசும் தெரியணும். பக்கத்துல சரியானத எழுதி முழுக் கையெழுத்து போடுங்க. முடிக்கிற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."

கோடு போட்டார். 98.4 எழுதினார். கையெழுத்திட்டார்.

"ஆச்சா சார்?"

பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகியபடி, "இன்னும் ரெண்டெழுத்து இருக்கும்மா" என்றார்.