ஏழாம் வீட்டின் துடக்கு

நெல்லியடியில் தொண்டைமானாற்று பஸ்ஸுக்காகக் காத்து நின்றபோது தொலைபேசி அடித்தது. மார்கழிப் பனி இன்னும் விலகியிருக்கவில்லை. பேசியவர் எங்கள் முகாமையாளர்.

"பிள்ளை, ஏழாம் வீட்டு அம்மா விடியப்புறம் போயிட்டா. வரேக்குள்ளை பினைல் ரெண்டு போத்தில் வாங்கிக்கொண்டு வாரும்."

இராசமலர் மிஸ்ஸின் மரணச் செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது. ஒரே மூச்சில் அவரும் பினைலும். நான் "ஓம் சேர்" என்றேன். எனக்குச் சொல்ல வேண்டியது எப்போதும் பஸ் ஏறிய பிறகுதான் நினைவுக்கு வரும். அன்றும் அப்படித்தான். பினைல் வாங்காமலேயே போனேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தென்மராட்சியில் தொலைபேசி இணைப்பகத்தில் அவரோடு வேலை செய்த யாராவது இன்னும் இருந்தால் அவர்களுக்கும் சேர்த்துத்தான். மரண வீட்டில் அவரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மத்தியானத்துக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. கொள்ளி வைத்தவர் நிர்வாகம் எங்கிருந்தோ கூட்டி வந்த ஒருவர். அவருடைய பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

கடல்நீரேரிக் கரையில் இருக்கும் ஓய்வுகாலக் குடியிருப்பு ஒன்றின் அலுவலகத்தில் நான் வேலை செய்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவள் என்பதால் அம்மா என் வேலையைப் பெரிதாகச் சொல்லிக்கொள்வார். வேலை என்னவோ முதியவர்களின் மருந்துக்கும், பழுதான பல்புக்கும், சுடுதண்ணீர்ப் போத்தலுக்கும் ஓடுவதுதான். சின்னச் சின்ன வீடுகள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. முன்வரிசை நீரேரியைப் பார்த்தது. காலை வெயில் நேரே கட்டிலில் விழும். பின்வரிசை பொதுச் சமையலறையோடும் பிரார்த்தனை மண்டபத்தோடும் ஒட்டியது. அங்கே வெயிலுக்குப் பதிலாகப் புகை வரும்.

மார்கழி பிறந்ததும் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் குளிருக்குத் தப்பி வருகிறவர்கள் வந்து இறங்குவார்கள். மாசிவரை இருப்பார்கள். அவர்களுக்கு முன்வரிசைதான் வேண்டும். அதனால் அங்கே வருடம் முழுவதும் இருக்கிறவர்களில் சிலர் அந்த மாதங்களுக்குப் பின்வரிசைக்குப் போக வேண்டும். யார் போவது என்பதற்கு எழுதாத விதி ஒன்று உண்டு: வெளிநாட்டிலிருந்து தொலைபேசி எடுத்து முகாமையாளரிடம் சத்தம் போடப் பிள்ளைகள் இல்லாதவர்கள். மிஸ் கலியாணம் செய்யாதவர். எனவே ஒவ்வொரு மார்கழியும் முதலில் கிளம்புவது ஏழாம் வீடு.

முதல் நாளே நான் அவரை அம்மா என்று கூப்பிட்டுவிட்டேன்.

"ஆரடி அம்மா? நான் ஒருத்தரையும் பெறேல்லை. அன்ரியும் வேண்டாம். முப்பது வரியமா மிஸ் எண்டுதான் கூப்பிட்டவை, நீயும் அப்பிடியே கூப்பிடு."

மணி அடித்தது போன்ற குரல். அந்தக் குரலில்தான் ஒரு காலத்தில் கொழும்புக்கு அழைப்பு எடுக்க வந்தவர்களை "சுருக்கமாக் கதையுங்கோ, பின்னாலை ஆக்கள் நிக்கினம்" என்று அதட்டியிருக்கிறார். என் குரலைப் பற்றியும் ஒரு கருத்து வைத்திருந்தார். "நீ கதைக்கிறது ட்ரங் கோல் மாதிரி. மற்றப் பக்கத்திலை ஆளிருக்கோ இல்லையோ எண்டு தெரியாது."

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மார்கழியில் அவர் எதுவும் சொல்லாமல் பின்வரிசைக்குப் போனார். சமையலறைப் புகையில் மாசிவரை இருமினார். திரும்பி வந்தபோது அவருடைய கட்டில் இடம் மாறியிருந்தது. யன்னலில் வேறு திரைச்சீலை தொங்கியது. அதை இழுத்துக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "காசு கட்டேக்குள்ளை உங்கடை வீடு எண்டவை. மார்கழி வந்தால் எங்கடை வீடு எண்டினம்."

வந்தவர்களோடு அவருக்குச் சண்டை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாப்பாட்டு மண்டபத்தில் ஒவ்வொரு காலையும் ஒரே கூத்து நடக்கும். எங்கள் முதியவர்கள் கம்பளிச் சட்டையும் காதை மூடிய தொப்பியுமாக மல்லித் தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். வந்தவர்கள் அரைக் காற்சட்டையோடு வந்து, வெக்கை தாங்க முடியவில்லை என்று மின்விசிறியைப் போடுவார்கள். ஒருநாள் கனடா சறோஜா அன்ரி அதைப் போட்டபோது மிஸ் தேத்தண்ணீரை வைத்துவிட்டுக் கேட்டார்.

"உவ்வளவு செலவழிச்சுக் குளிரை விட்டிட்டு வந்தனீங்கள். பிறகேன் அதைத் திரும்பக் கூப்பிடுறியள்?"

சறோஜா அன்ரிதான் முதலில் சிரித்தார். எழுந்து போய் விசிறியை நிறுத்திவிட்டு, மிஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஏழாம் வீட்டில் வழக்கமாகத் தங்குகிறவர் அவர்தான் என்பது இருவருக்கும் தெரியும். அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதில்லை.

இந்த மார்கழியும் வந்தது. சாமான் ஏற்றும் தள்ளுவண்டியோடு என்னை அனுப்பினார்கள். மிஸ் கதவைப் பாதி திறந்து வாசலில் நின்றார். வெள்ளைச் சேலை, நெற்றியில் பொட்டு இல்லை.

"உள்ளுக்கு வராதை பிள்ளை. துடக்கு. ஜேர்மனியிலை என்ரை பெரியப்பான்ரை மகன் செத்துப்போனார்."

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு சொல். சாவுத் தீட்டை நாங்கள் துடக்கு என்போம். இரத்த உறவில் ஒருவர் இறந்தால் முப்பத்தொராம் நாள் சடங்கான அந்தியேட்டிவரை கோயிலுக்குப் போவதில்லை. மற்றவர்களும் அந்த வீட்டில் கை நனைப்பதில்லை. எங்கள் முகாமையாளர் யாருக்கும் பயப்படாதவர், துடக்குக்குப் பயப்படுவார். மிஸ்ஸைப் பின்வரிசைக்கு மாற்றினால் பிரார்த்தனை மண்டபத்துக்குப் பக்கத்தில் துடக்கு வந்துவிடும். ஏழாம் வீட்டைச் சறோஜா அன்ரிக்குக் கொடுத்தால் திருவெம்பாவைக்கு விரதம் பிடிக்கிறவர் துடக்கு வீட்டில் இருக்க வேண்டிவரும். தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு போகச் சொன்னார். சறோஜா அன்ரிக்கு வேறு வீடு கொடுத்தார்கள்.

சில நாட்களுக்குப் பிறகு, ஜேர்மனியில் மரணச் சடங்கு எப்போது என்று துக்கம் விசாரிப்பது போல மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் யன்னலோரக் கட்டிலில் வெயிலில் முழங்காலை நீட்டிக்கொண்டு இருந்தார்.

"அவர் செத்தது உண்மை பிள்ளை. எப்ப எண்டுதான் நான் சொல்லேல்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. மண்டபத்து ஒலிபெருக்கியில் திருவெம்பாவை கேட்டுக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் சந்நிதி முருகன் கோயிலுக்குப் போகிறவர், துடக்கு என்று சொன்ன நாளிலிருந்து வாசற்படலையைத் தாண்டவில்லை. பொய்த் துடக்குத்தானே, ஒரு ஓட்டோ பிடித்துத் தரட்டுமா என்று கேட்டேன்.

"துடக்கெண்டு சொன்னால் துடக்குத்தான். அதுவும் இதுவும் வேணுமெண்டால் எப்பிடி? முருகனிட்டைப் பிறகு கணக்குத் தீர்ப்பன். வெயில் எனக்கு மாசிவரைக்கும்தான் தேவை."

நீரேரியில் வெளிநாட்டுப் பறவைகள் கூட்டமாக நின்றன. அவற்றைக் காட்டினார். "உதுகளும் வருகுதுகள், கனடாக்காரரும் வருகினம். உதுகள் என்ரை கட்டிலைக் கேக்கேல்லை."

எனக்கு எரிச்சல் அங்கேதான் தொடங்கியது, இன்னும் அடங்கவில்லை. தன் கட்டிலில் தானே படுக்க ஒரு மனுஷி பொட்டை அழித்து, கோயிலை விட்டு, செத்தவரை இன்னொரு முறை சாகடிக்க வேண்டியிருந்தது. இதை எழுதினால் நிர்வாகத்துக்குத் தெரியவரும். தெரியட்டும்.

பொங்கலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, அந்தக் கட்டிலிலேயே அவர் இறந்தார். நித்திரையில் என்றார்கள்.

சாம்பல் அள்ளும் காடாத்து முடிந்த மறுநாள் முகாமையாளர் என்னை அலுவலகத்துக்குள் கூப்பிட்டார். சறோஜா அன்ரியும் இருந்தார். ஏழாம் வீட்டைப் பூட்டும் திறப்பு மேசையில் கிடந்தது.

"பிள்ளை, வீட்டைக் கழுவிவிடச் சொல்லும். இண்டைக்கே அன்ரி மாறலாம்."

"துடக்கெல்லோ தம்பி?" என்றார் சறோஜா அன்ரி.

"ஆருக்கு அன்ரி துடக்கு? அவவுக்கு ஆளில்லை. ஆளில்லாத துடக்கை ஆர் காக்கிறது? பினைல் போட்டுக் கழுவினால் சரி."

ஆளில்லை. ஒவ்வொரு மார்கழியும் அவரைப் பின்வரிசைக்கு அனுப்பிய அதே சொல்.

"நான் காக்கிறன்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்த விதத்தில், குரல் சரியாகக் கேட்டிருக்கிறது என்று தெரிந்தது.

"நீர் அவவுக்கு என்ன முறை?"

"முறை ஒண்டும் இல்லை சேர். மிஸ்ஸுக்கு நான் துடக்குக் காக்கிறன். அந்தியேட்டிவரைக்கும்."

"உது என்ன விளையாட்டு? முறையில்லாமல் துடக்கு வருமே?"

நான் மேசையில் கிடந்த திறப்பை எடுத்துக்கொண்டேன். சறோஜா அன்ரி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"முறை இருக்கோ இல்லையோ தம்பி, ஒருத்தி வாயாலை துடக்கெண்டு சொன்ன பிறகு நான் அந்த வீட்டிலை எப்பிடி விளக்கேத்திறது? இப்ப இருக்கிற வீடே எனக்குக் காணும்." வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். "போன வரியம் காலி வீடெண்டுதானே எனக்குத் தந்தனீங்கள். அலுமாரிக்குள்ளை அவவின்ரை கண்ணாடி கிடந்தது. அப்பவே நான் கேட்டிருக்கவேணும்."

அவர் போன பிறகு முகாமையாளர் என்னை ஏசினார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், திறப்பு என் கையில் இருந்தது.

வீட்டில் சொன்னபோது அம்மா சோற்றுப் பானையை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "படிச்சதுகளுக்குத்தான் உப்பிடியெல்லாம் வருத்தம் வரும். உன்ரை துடக்கு உன்னோடை இருக்கட்டும். நாங்கள் பொங்குவம்." பொங்கினார்கள். நான் ஒதுங்கி நின்று பார்த்தேன். மத்தியானம் அம்மா எனக்கென்று வேறாக ஒரு கோப்பையில் பொங்கல் புக்கையைப் போட்டுவைத்தார்.

எனக்கு மிஸ் எதையும் தந்துவிட்டுப் போகவில்லை. நானும் அவரிடம் எதையும் கேட்டதில்லை. அவருக்குரியதாக என்னிடம் இருப்பது இந்தத் துடக்கு மட்டும். முகாமையாளர் ஒவ்வொரு காலையும் "இன்னும் எத்தினை நாள்?" என்று கேட்கிறார். அவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும். அந்தியேட்டிக்குக் கீரிமலைத் தீர்த்தக்கரைக்குப் போகவிருக்கிறேன். மிஸ்ஸை அறிந்தவர்கள் வந்தால், அவருக்கு ஆளில்லை என்ற பேச்சு அங்காவது நிற்கும்.

அதுவரை காலையில் வந்ததும் முதல் வேலையாக ஏழாம் வீட்டைத் திறக்கிறேன். விளக்குக்கு எண்ணெய் விடுகிறேன். திரைச்சீலையை விலக்கி, வெயில் கட்டிலில் விழுந்த பிறகு, கதவைப் பூட்டித் திறப்பை என் கைப்பையில் போட்டுக்கொள்கிறேன்.