அப்பா வைக்கச் சொன்ன செடி

பெல்ஜியத்தில் வேலைக்குப் போனதும் நான் முதலில் செய்வது கதவைச் சாத்துவது. வெளிச்சம் பட்டால் பயிர் பழுதாகிவிடும். விட்லோஃப் என்ற இந்தக் கீரை, கோப்பித்தூளில் கலக்கிற சிக்கரிக்கு நெருங்கிய சொந்தம். கோடை முழுக்க வயலில் வளரவிட்டு, இலையை வெட்டி எறிந்து, கிழங்கை மட்டும் தட்டுகளில் அடுக்கித் தண்ணீர் விட்டு இருட்டறையில் பூட்டிவைப்போம். சில வாரங்களில் வெளுத்த குருத்து வரும். பச்சை பிடித்தால் கைக்கும் என்று கடைக்காரர் எடுக்கமாட்டார். கைப்புக்கு இவ்வளவு பயந்த சனத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. எங்கள் வீட்டில் பாகற்காயை உப்பிட்டுப் பிழிந்தாலே அப்பாவுக்குக் கோபம் வரும்.

அப்பா ஊரில், வட்டக்கச்சியில், வயல் செய்கிறார். ஒருமுறை மிளகாய்க் கன்றுகளில் நிழல் விழுகிறதென்று, அம்மா ஆசையாக வளர்த்த முருங்கையைத் தறித்துவிட்டார். அம்மா ஒரு கிழமை அவருடன் கதைக்கவில்லை. அப்படிப்பட்டவர் என் பயிரைப் பார்க்க வேண்டும் என்று நின்றார். முதலாளியிடம் கேட்டு, பயிரைப் பழுதாக்காத மங்கலான பச்சை விளக்கில் வீடியோவில் காட்டினேன்.

"மண்ணும் இல்லை, வெயிலும் இல்லை. அது என்ன பாவம் செய்தது?"

"இஞ்சை ஆக்கள் இப்பிடித்தான் சாப்பிடுவினம், அப்பா."

"உந்த நாட்டில இருக்கிறதே கொஞ்ச வெயில். அதையும் ஏன் மறைக்கிறியள்? ஒண்டையாவது வெளியில வை, தம்பி. சரி, எப்ப வாறாய்?"

கடைசிக் கேள்வி எப்போதும் வருவது. என் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. இப்போது போனால் திரும்பி வர முடியாது. அவருக்கு நெஞ்சு வருத்தம், விமானம் ஏற டொக்டர் விடமாட்டார். இனி நேரில் காணாமலே போய்விடுவோமோ என்று எனக்குப் பயம். அதை நாங்கள் இருவரும் கதைப்பதில்லை.

கழித்துப்போட்ட கிழங்கொன்றை வாசலில் சட்டியில் நட்டேன். பச்சைப்பசேலென்று முரட்டுத்தனமாக எழும்பியது. இலையைக் கிள்ளித் தேங்காய்ப்பூப் போட்டு வறை செய்தேன். நல்ல கைப்பு. அடுத்த கோடையில் நெஞ்சளவு உயர்ந்து நீலமாகப் பூத்தது. இப்போது அப்பா, எப்ப வாறாய் என்று கேட்பதில்லை. "இண்டைக்கு எத்தினை பூ?" என்று கேட்கிறார். முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு, கேட்பதையே விட்டுவிட்டாரே என்று அழுகை வந்தது.

நேற்று மாலை, வெயில் இன்னும் இறங்காத நேரம், பக்கத்து வீட்டு அம்மையார் வந்தார். இது றோட்டுக் கரையில் முளைக்கிற களை, பிடுங்கிவிடு என்றார். எனக்குத் தெரிந்த அரைகுறை டச்சு மொழியில், "இது அப்பாவின் செடி" என்றேன். அவர் உடனே குரலைத் தாழ்த்தி மன்னிப்புக் கேட்டார். அப்பாவுக்குக் கேட்டிருக்குமோ என்று என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

நித்திரை கொள்கிறார் என்றேன். பொய்யில்லை. வட்டக்கச்சியில் அப்போது இரவு.