உப்புச் சர்க்கரை வாங்கப் போனவர்கள்

உலக வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தியா நீடிப்பதா, கழன்று வருவதா என்று நாடே சண்டை போட்டுக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. அந்தச் சண்டை என் கல்யாணத்துக்குள் வந்துவிடக் கூடாது.

என் அப்பாவைத் தெரியாதவர்கள் இதற்குச் சிரிக்கலாம். பொங்கலூர்ப் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் தோட்டம். அப்பா விவசாயிகள் சங்கத்து ஆள், குளிக்கும்போது தவிர எப்போதும் தோளில் பச்சைத் துண்டு இருக்கும். எனக்கு அதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் அவர் வாயால்தான் போயின. முதலில் வந்தவர்களிடம் கரண்ட் ஆபீஸ்காரர்களைக் கிழி கிழியென்று கிழித்தார். மாப்பிள்ளையின் சித்தப்பாவே கரண்ட் ஆபீஸ்காரர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இரண்டாவது வந்தவர்கள் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள்கூட என் கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்கள்.

மூன்றாவது வரன் எனக்குப் பிடித்த வரன். அதை வீட்டில் சொல்லவில்லை. நான் தினமும் பஸ் ஏறித் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போய்வந்தேன். இந்த மாப்பிள்ளையின் அப்பா வைத்திருந்த நிட்டிங் பட்டறையிலிருந்து எங்கள் கம்பெனிக்குத் துணி வரும். உருளை உருளையாக மாப்பிள்ளையே கொண்டுவந்து இறக்குவார். ஓட்டை இருக்கிறதென்று மூன்று முறை நான் திருப்பி அனுப்பினேன். மூன்றாவது முறை, "ஏனுங்க, துணியில ஓட்டை இருக்குதா, இல்ல எம்மேல ஏதாச்சும் கோவமுங்களா?" என்று கேட்டார். "ரெண்டும் இருக்குதுங்க" என்றேன். ஆறு மாதம் கழித்து அவர் வீட்டிலிருந்து ஜாதகம் கேட்டு ஆள் வந்தது. ஜாதகமும் பொருந்தியது. எங்கள் இருவரையும் தவிர மற்ற எல்லோரும் அதைத் தெய்வச் செயல் என்றார்கள்.

ஆனால் அவர் அப்பா எக்ஸ்போர்ட்டை நம்பிப் பிழைப்பவர். இன்ன நாட்டுக்கு இத்தனை உருப்படிதான் அனுப்பலாம் என்று அப்போது கோட்டா இருந்தது. ஒப்பந்தத்துக்குள் இருந்தால்தான் என்றைக்காவது அந்தக் கோட்டாவை எடுப்பார்கள் என்பது அவர் கட்சி. கையெழுத்துப் போட்டால் நம் விதையை நாமே எடுத்து வைக்க முடியாமல் போகும், மரியாதையாக வெளியே வந்துவிட வேண்டும் என்பது அப்பாவின் கட்சி. வேறு யாராக இருந்தாலும் இதையெல்லாம் பேப்பரில் படித்து மடித்து வைத்துவிடுவார்கள். அப்பா மடிக்கிற ஆளில்லை.

எங்கள் ஊரில் நிச்சயத்துக்கு உப்புச் சர்க்கரை என்று பேர். இரண்டு வீட்டு ஆண்களும் சேர்ந்து கடைக்குப் போக வேண்டும். எங்கள் கூடையில் உப்பு வாங்குவார்கள், மாப்பிள்ளை வீட்டார் கூடையில் சர்க்கரை. இரண்டும் சேர்ந்து பெண் வீட்டுக்குள் வந்துவிட்டால் பேச்சு முடிந்தது, அப்புறம் யாரும் மாற முடியாது. வராதவரைக்கும் எதுவும் முடியவில்லை.

அன்று காலையில் அம்மா பச்சைத் துண்டை அரிசி மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, அப்பாவின் தோளில் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுவிட்டாள். "இன்னைக்கு ஒரு நாளைக்கு வாயத் தொறக்காதீங்க சாமி. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன்" என்றாள். அப்பாவும் தலையாட்டினார். எங்கள் பக்கம் அப்பாவும் என் தாய்மாமனும், அவர்கள் பக்கம் மாப்பிள்ளையின் அப்பாவும் பெரியப்பாவும், ஆக நாலு பேர் இரண்டு கூடையோடு கடைவீதிக்குப் போனார்கள். அரை மணி நேரத்து வேலை.

இரண்டு மணி நேரமாகியும் வரவில்லை. பட்டுச்சேலையில் உட்கார்ந்து எனக்கு வேர்த்து ஊற்றியது. மாப்பிள்ளையின் அம்மா விசிறிக்கொண்டே வாசலைப் பார்த்தார். அப்புறம் மாமாவின் மொபெட் சத்தம் கேட்டது. அவர் மட்டும்தான் வந்தார்.

அம்மாவைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். நான் கதவோரம் நின்று கேட்டேன். அப்பா தானாக வாயைத் திறக்கவே இல்லையாம். கடைக்காரர் உப்பைக் கட்ட ஒரு பழைய பேப்பரை எடுத்திருக்கிறார். அதில் ஒப்பந்தச் செய்தி. மாப்பிள்ளையின் அப்பா அதைப் பார்த்துவிட்டு, மரியாதைக்கு ஏதாவது பேச வேண்டுமே என்று, "நல்லவேளை, கையெழுத்துப் போட்டுருவாங்களாட்ட இருக்குதுங்க" என்றிருக்கிறார்.

"அப்பறம்?" என்றாள் அம்மா.

"அப்பறமென்னக்கா, நாட்டை வித்துத்தான் பனியன் தைக்கோணுமாங்கன்னு மச்சான் கேட்டாரு. பட்டினி கெடந்துதான் வெதைக்கோணுமாங்கன்னு அவுரு கேட்டாரு. கடைக்காரன் உப்பக் கட்டறத உட்டுட்டு வேடிக்கை பாக்கறான். இப்ப ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிட்டு நிக்கறாங்க. உப்பும் வாங்குல, சக்கரையும் வாங்குல. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லுக்கா."

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. யாரோ எங்கேயோ போடப்போகிற கையெழுத்து. அதற்கு என் வாழ்க்கை ஒரு மளிகைக் கடை வாசலில் நிற்கிறது. இந்த வரனும் போனால் இனிமேல் யாரையும் கட்டிக்கொள்வதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். அம்மா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அப்போது தோட்டத்துக் குறுக்கு வழியாக அப்பா வந்தார். தனியாக வந்தார். தலையில் கூடை, அதன் மேல் வெள்ளைத் துண்டு. கூட யாரும் இல்லை என்றதும் அம்மா செருப்புத் தேடுவதை அப்படியே விட்டுவிட்டு நின்றாள். அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் கூடையை இறக்கி வைத்துத் துண்டை எடுத்தார். உள்ளே ஒரு பொட்டலம் உப்பு. பக்கத்தில் ஒரு பொட்டலம் சர்க்கரை.

"சக்கரை அவிங்கதானுங்க வாங்கோணும்?" என்றாள் அம்மா.

"அவுரு கோவத்துல அப்பிடியே காரேறிப் போயிட்டா என்ன பண்றது? கூடை கொறையா ஊட்டுக்கு வரலாமா? அதான் பஸ் ஸ்டாண்டுக் கடையில ரெண்டையும் வாங்கிட்டேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் கார் நின்றது. மாப்பிள்ளையின் அப்பா வேட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். பின்னால் அவருடைய அண்ணன் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதிலும் ஒரு பொட்டலம் சர்க்கரை, ஒரு பொட்டலம் உப்பு. "சம்பந்தி திடீர்னு காணாமப் போயிட்டாருங்க. எதுக்கும் இருக்கட்டும்னு உப்பையும் நாங்களே வாங்கியாந்துட்டமுங்க" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, சங்கடமாக.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் சிரித்தார். நான் சமையல்கட்டுக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவ்வளவு நிம்மதியாக அதற்கு முன்னும் நான் அழுததில்லை, அதற்குப் பின்னும் இல்லை. வெளியே அம்மா, "ரெட்டிப்பா வந்துருக்குது, நல்லதுதானுங்க" என்று சொல்லிக்கொண்டே நாலு பொட்டலத்தையும் சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

பந்தியில் சம்பந்திகள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ரசம் ஊற்றும்வரை இருவரும் சாப்பாட்டிலேயே கண்ணாக இருந்தார்கள். அப்புறம் அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே, "அது செரிங்க, அப்ப வெதைக்கு என்ன பண்றதுங்க?" என்று கேட்டார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

நாடு கடைசியில் கையெழுத்துப் போட்டது, வெளியே வரவில்லை. எங்கள் வீட்டில் பேச்சும் நிற்கவில்லை. தீபாவளிச் சீர் கொண்டுவந்தாலும் சரி, காதுகுத்துக்கு வந்தாலும் சரி, இருவரும் ஒரு மூலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். நானும் என் வீட்டுக்காரரும் நடுவில் காபியை வைத்துவிட்டு நழுவிவிடுவோம்.

முதல் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன். "அத்தன கோவம் இருந்துச்சுங்களே, அப்பவே வேண்டாம்னு சொல்லிப்போட்டு வந்துருக்கலாமல்லங்கப்பா?"

அப்பா பச்சைத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மொத ரெண்டு வரனையும் நாந்தான் கெடுத்துப்போட்டேன்னு எனக்குத் தெரியாதா கண்ணு? பஸ் ஸ்டாண்டுக் கடையில சக்கரையக் கட்டி வாங்கிட்டு, இதும் போயிருமோன்னு மிச்சக் காசக்கூட வாங்காம ஓடியாந்தேன், அந்தக் கடைக்காரனக் கேளு" என்றார்.