கேட்டும் கொடுக்காத கத்தி

பாளையம்பட்டியில் மீன்கடை வைத்திருக்கிறேன். மீன் வெட்டித் தர முருகேஸ்வரி அக்கா வேலைக்கு வந்துகொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முள் இல்லாமல் சதையை மட்டும் எடுத்துத் தரும்படி கேட்டு ஒருவர் பாறை மீன் வாங்கினார். அக்காவிடம் இருந்ததோ தலை வெட்டுகிற கனத்த கத்தி.

“தம்பி, இது முள்ளோரமா வளைஞ்சு போகாது. அந்த மெல்லிசுக் கத்தியக் குடுங்க.”

அதைப் புதிதாக வாங்கி எனக்கென்று வைத்திருந்தேன்.

“உங்க கைக்கு வந்தா ஒடிஞ்சிரும். இருக்கத வச்சு வெட்டுங்க.”

மறுபடி கேட்டார். கூட்டத்துக்கு முன்னால் அதட்டினேன்.

சற்று நேரத்தில் கத்தி மீனின் நடுமுள்ளில் வழுக்கி, அவருடைய இடது கட்டைவிரலின் அடியில் ஆழமாக இறங்கியது. அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில், நரம்பு அறுந்துவிட்டது என்றார்கள். எப்படி நடந்தது என்று டாக்டர் கேட்டார்.

“நாந்தேன் கவனமில்லாம வெட்டிக்கிட்டேன்,” என்றார் அக்கா. பக்கத்தில் நின்ற நான் வாய் திறக்கவில்லை.

அந்த விரல் பிறகு மடங்கவே இல்லை. இப்போது அவருக்கு மகள்தான் தலை பின்னிவிடுகிறாள்.

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போனேன். “அன்னைக்கு நான் அந்தக் கத்தியக் குடுத்திருக்கணும்க்கா,” என்றேன்.

“ஆமா தம்பி, குடுத்திருக்கணும்,” என்றார்.

‘பரவாயில்லை’ என்ற வார்த்தையை வாங்கிக்கொள்ளத்தான் போயிருக்கிறேன் என்பது, தெருவுக்கு வந்த பிறகுதான் எனக்கே புரிந்தது.