பிளேட்லெட் ஏறியபோது வந்த இளநீர்

இரண்டாயிரத்துச் சில்லறையில் ஒரு வருஷம், துர்கா பூஜை முடிந்த கையோடு கல்கத்தா முழுக்க டெங்கு. எங்கள் குடியிருப்பில் யாரும் யாரையும் சௌக்கியமா என்று கேட்கவில்லை. பிளேட்லெட் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து என் வீட்டுக்காரருக்கு ஜுரம் வந்தது. கார்டன் ரீச் பக்கம், நாங்கள் குடியிருந்த பேட்டையிலேயே, ஒரு கம்பெனிக் கிடங்குக்கு அவர்தான் பொறுப்பு. கண் இரண்டும் சிவந்து, இடுப்பு கழன்றுபோகிற மாதிரி வலிக்கிறது என்று ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். பஸ்ஸை விட்டால் நடைதான் என்று இருக்கிற மனுஷன் ரிக்‌ஷா ஏறினாரே, அப்போதே இது லேசான ஜுரம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டெங்கு இல்லை என்றார்கள், மலேரியாவும் இல்லையாம். பிளேட்லெட் மட்டும் மளமளவென்று இறங்கியது. தூத்துக்குடியில் இருக்கும் மாமியாருக்குத் தினமும் சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுவேன். எடுத்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவு?" ரத்தத்தில் அப்படி ஒன்று ஓடுகிறது என்று அதற்கு முந்தின வாரம்வரை அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

எனக்கு இன்னொரு குடைச்சல். டெங்கு இல்லையென்றால் பின்னே இது என்ன கருமம்? வார்டு டாக்டர் ஒரு வங்காளிப் பெண், என்னைவிடச் சின்னவள். பார்க்கும்போதெல்லாம் வழிமறித்துக் கேட்பேன். அவளும் லேசுப்பட்டவள் இல்லை, பதிலுக்கு என்னைக் கேட்டாள். கிடங்கில் எலி உண்டா? இவர் எங்கேயாவது தூசி தட்டினாரா? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூசி தட்டுவதுதானே இவருக்குப் பொழுதுபோக்கு! நாள்கணக்காகப் பூட்டிக் கிடந்த ஓர் அறையை, ஆள் வரும்வரை பொறுக்காமல் தானே பெருக்கி, எலிப் புழுக்கையை முறம் முறமாக அள்ளினேன் என்று வீட்டில் வந்து பீற்றிக்கொண்டாரே. அதைச் சொன்னதும் அவள் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. அந்தத் தூசியை மூச்சில் இழுத்தால் வருகிற ஹாண்டா வைரஸாக இருக்கலாம், அது சிறுநீரகத்தைப் பிடிக்கும் என்றாள். சோதித்துப் பார்க்க அங்கே வசதி இல்லாததால் ரத்தத்தைத் தமிழ்நாட்டில் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்பினாள். லீவு கேட்டுக் கேட்டு அலுத்துப்போன மனுஷன் கட்டிலிலேயே கிடக்க, ரத்தம் மட்டும் ஊருக்குப் போயிற்று.

பிறகு ஒருநாள் பிளேட்லெட் ஏற ஆரம்பித்தது. செய்தி பரவி, குடியிருப்பே திரண்டு பார்க்க வந்தது. எனக்கும் கால் தரையில் பாவவில்லை. டாக்டர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. எண் ஏறுகிறதே, உங்களுக்கு என்ன வருத்தம் என்று எனக்குத் தெரிந்த வங்காளியில் கேட்டேன். அவள் அதே ரிப்போர்ட்டில் சிறுநீரகம் கெட்டால் ஏறும் கிரியாட்டினின் என்ற இன்னொரு எண்ணைக் காட்டினாள். பிளேட்லெட் எவ்வளவு ஆழம் இறங்கியதோ, அடி அவ்வளவு பலம். ஆனால் சிறுநீரகம் பட்ட அடி பிந்தித்தான் தெரியுமாம். உங்கள் தெருவில் மழை விட்ட பிறகுதானே தண்ணீர் ஏறும் என்றாள். கார்டன் ரீச்காரிக்கு அதற்குமேல் விளக்கம் எதற்கு? ஆற்றில் கடலேற்றம் என்றால் சாக்கடை எதிர்த்துக்கொண்டு வரும், வெயிலடிக்கும்போதே வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கும்.

அன்றிலிருந்து அவருக்கு எல்லாம் அளவு. எவ்வளவு சிறுநீர் போகிறதோ, அதற்கு மேல் கொஞ்சம்தான் குடிக்கலாம். போனதோ ஒரு டம்ளர்கூட இல்லை. தண்ணீர் தண்ணீர் என்று குழந்தை மாதிரிக் கெஞ்சுவார். நான் கல்நெஞ்சுக்காரியாக உட்கார்ந்திருப்பேன். மாமியாரிடம் இதையும் சொன்னேன். அதற்கப்புறம் போனில் அவர் குரல் ஒரே கரகரப்பு. லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் டாக்டர் ஓட்டமும் நடையுமாக வந்தாள். ரத்தத்தில் பொட்டாசியம் எகிறிவிட்டது, இவருக்கு என்ன கொடுத்தாய் என்றாள். அளந்த கஞ்சி, அளந்த தண்ணீர், வேறெதுவும் இல்லை என்று சத்தியம் பண்ணினேன். அவள் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். குடித்துப் போட்ட இளநீர்க் காய்கள். கல்கத்தாவில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகிற வழக்கமே கிடையாது, ஒரு டாபாவது, அதாவது இளநீராவது, வாங்கிக்கொண்டுதான் வருவார்கள். நான் குளிக்க வீட்டுக்குப் போன நேரங்களில் மாடி வீட்டு வங்காளி அக்கா ஒன்று, ஆபீஸ் நண்பர்கள் ஆளுக்கொன்று. தண்ணீர்தானே கூடாது, இது டாப்தானே! தான் கொடுத்தது ஒன்றுதான் என்றே ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறார்கள்.

"இதுல இருக்கிற பொட்டாசியத்தை வெளியேத்த அவர் கிட்னிக்குத் தெம்பில்ல. இதயம் நின்னுடும்," என்றாள்.

உடனே டயாலிசிஸுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மாடி வீட்டு அக்கா விஷயம் கேள்விப்பட்டு வந்து வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தேன். பாசத்தில் கொண்டுவந்தவளை என்னவென்று திட்டுவது? நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

கண்டம் தாண்டியது. ஆனாலும் சிறுநீர் வரவில்லை. பிளேட்லெட் எனக்கு மறந்தே போயிற்று. கட்டில் ஓரத்தில் தொங்கிய சிறுநீர்ப் பையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தச் சின்னப் பையிலா ஒரு ஆளின் உயிர் தெரியும் என்று ஆச்சரியமாக இருக்கும். ஒரு காலையில் பை புடைத்துக்கொண்டு நின்றது. மாற்றினார்கள், மறுபடி நிறைந்தது. டாக்டர் வாயெல்லாம் பல். சிறுநீரகம் விழித்துக்கொண்டது, இனி போகிற அளவுக்குத் தண்ணீரைக் கொடு என்றாள். ஹாண்டாதான் என்று ஊரிலிருந்து பதில் வந்தபோது இவர் வீட்டில் உட்கார்ந்து ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது பிந்திய கதை.

பை நிறைந்த அன்று சாயங்காலம்வரை பொறுக்கவில்லை, அப்போதே பூத்துக்கு ஓடினேன். வரிசையில் நிற்கிறவர்களைப் பற்றி எனக்கென்ன? "அத்தை, ஒண்ணுக்குப் போயிட்டார்! நிறையப் போறார்!" என்று கத்தினேன். எவ்வளவு என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

"அவனுக்கு அளந்துதான் தண்ணி குடுக்கோம்னு நீ சொன்னேல்லா, அன்னையிலேருந்து நானும் அளந்துதான் குடிக்கேன்," என்றார் அந்தக் கரகரத்த குரலில். "இனி நானும் குடிக்கலாம்லா?"