காளான் சூப் ஊற்றிய கிழங்கு

சாப்பாடு நின்ற ஐந்தாம் நாள் ஜவ்ஃபர் வாய் திறந்து கேட்டார்.

"புள்ள, மார்த்தா கொண்டு வந்த அந்தக் கிழங்கைச் செஞ்சி தா."

மனைவி ஸபீரா கஞ்சிக் கோப்பையோடு அப்படியே நின்றாள். வெக்ஸ்போர்ட்டில் அடுக்குமாடி வீடு, பதினோராம் மாடி. அவருக்கு ஈரலில் புற்றுநோய். ஆட்டுக்கால் சூப், இடியப்பம், பிக்கரிங்கிலிருந்து மகள் றுமைஸா சுமந்து வந்த மீன் ஆணம், எதுவும் மனுசனுக்கு இறங்கவில்லை. கடைசியில் ஆசை போய் நின்ற இடம் இது.

இங்கே வருமுன் அவர்கள் ஒன்பது வருடம் யூட்டா மாநிலத்தில் இருந்தவர்கள். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் உப்புப் படிந்த பாலை, நடுவில் ஜவ்ஃபரின் லொறி. அங்கே சாவு வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் ஒரு தட்டோடுதான் போவார்கள். துருவிய உருளைக்கிழங்கில் புளித்த கிரீம், சீஸ், டின் கோழிச் சூப் எல்லாம் குழைத்து, மேலே வெண்ணெயில் புரட்டிய கோர்ன்ஃபிளேக்ஸ் தூவி, ஓவனில் வேகவைத்தது. அதற்கு அந்த ஊர் வைத்த பெயரே மையத்துக் கிழங்கு.

பனி உறைந்த மலைப்பாதையில் மகன் ரிஷாத்தின் கார் உருண்டபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. பக்கத்து வீட்டு மார்த்தா வாசலில் நின்று, "கோழி போடவில்லை, காளான் சூப்தான்" என்றாள். ஹலால் என்றால் என்னவென்று யாரிடமோ விசாரித்திருக்கிறாள். ஸபீராவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

ஜவ்ஃபர் அழவில்லை. மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார். மகனை மண்ணில் வைத்துவிட்டு வந்தவர்! தட்டில் கரண்டி சுரண்டிய அந்தச் சத்தம் பன்னிரண்டு வருடமாக அவள் காதைவிட்டுப் போகவில்லை. அவள் ஏனென்று கேட்டதும் இல்லை, மன்னித்ததும் இல்லை.

"மையத்து வீட்டுச் சாப்பாட்டை ஆள் உசிரோட இரிக்கக்க சமைக்கிறதா? எனக்கு ஏலா" என்று வெளியே வந்து, எதிர்க் கதவைத் தட்டினாள். கிருஷ்ணவேணி யாழ்ப்பாணத்துக்காரி. மருந்து வாங்கப் போவதென்றாலும் இருவரும் ஒன்றாகவே பஸ் ஏறுவார்கள்.

"அக்கா, நீங்க செஞ்சி தாங்களன். வெளியால இருந்து வந்தாப் பரவால்ல."

கதையை முழுக்கக் கேட்டபின் கிருஷ்ணவேணி இடுப்பில் கைவைத்தாள்.

"உனக்கென்ன விசரேடி? வெளியில இருந்து வந்தால்தானே அது செத்த வீட்டுச் சாப்பாடு. நீ சமைச்சால் வெறும் கிழங்கு. அதோட நான் செய்தால் கருவேப்பிலை போடாமல் விடமாட்டன். போ, போய் நீயே செய்."

அன்று பகலே செய்தாள். காளான் சூப்பேதான். கரண்டியை அவர் வாயருகே கொண்டுபோனபோது அவளையறியாமல் கேள்வி வெளியே வந்தது.

"அண்டைக்கு எப்பிடித் திண்டீங்க?"

ஜவ்ஃபர் விழுங்கிவிட்டுச் சொன்னார். "பசிச்சிச்சி, புள்ள. ரெண்டு நாளா ஒண்டும் தின்னல்ல. பசிச்சது எனக்கே வெக்கம். நீ வேற பாத்துக்கிட்டு இருந்தாய்."

"ஏன் சொல்லல்ல?"

"நீ கேக்கல்லயே."

இரண்டு கரண்டிதான் போனது. மூன்றாவதைக் கையால் தள்ளிவிட்டார். தட்டை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜவ்ஃபர் போய்விட்டார். அடக்கம் மறுநாள். வழக்கப்படி மூன்று நாள் அடுப்பு மூட்டாத வீட்டுக்குப் பள்ளிவாசல்காரர் சகன் என்ற பெரிய தட்டில் பிரியாணி அனுப்பினார்கள். கிருஷ்ணவேணி பருப்பும் சோறும் கொண்டு வந்தாள். ஸபீரா எதையும் தொடவில்லை. எல்லாரும் சாப்பிடச் சொல்லிக் களைத்த நேரத்தில் எழுந்துபோய்க் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தான் செய்த கிழங்குத் தட்டை எடுத்தாள். ஓரத்தில் இரண்டு கரண்டி அளவுக் குழி. கோர்ன்ஃபிளேக்ஸ் நமத்துப் போயிருந்தது. சூடாக்காமல் ஒரு கோப்பையில் போட்டு நின்றபடியே சாப்பிட்டாள். இன்னொரு தரம் போட்டாள். பிறகு இன்னொரு தரம்.

கரண்டி சுரண்டும் சத்தத்தில் முன்னறைப் பேச்சு நின்றது. றுமைஸா சமையலறை வாசலில் வந்து நின்று தாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வை ஸபீராவுக்குத் தெரிந்த பார்வை.

"உம்மா... ஆர் யூ ஓகே?"

"பசிக்குது, மகள்" என்றாள் ஸபீரா. "கேட்டியே, அது போதும்."